விளையாடித் தேய்ந்தவை

பிரித்தானியாவில் பழைய விளையாட்டுக் கார்களை விற்பவர்களும் வாங்குபவர்களும் தமக்குள் பாவிக்கும் தரச்சொற்கள் சில உள்ளன. ஏலக்கடைகளின் பட்டியல்களிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபங்களை வாடகைக்கு எடுத்து நடத்தும் விளையாட்டுச் சாமான் சந்தைகளிலும் இவற்றைக் காணலாம். எல்லாவற்றிலும் மேலான தரம் 'மின்ற் அன்ட் பொக்ஸ்ட்'. புதுக்கருக்குக் குலையாதது, தனக்குரிய மட்டைப் பெட்டியோடு கூடியது என்று பொருள். பிறகு பெயின்ற் சற்று உரிந்தது, பெட்டி கிழிந்தது, பெட்டியே இல்லாதது எனப் பெறுமதி படிப்படியாக இறங்கும். அடிமட்டத்தில் இருப்பது 'ப்ளே வோர்ன்'. விளையாடித் தேய்ந்தது என்று தமிழிற் சொல்லலாம். இவை பெரும்பாலும் மேசைக்குக் கீழே ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் குவியலாகக் கிடக்கும். ஒன்று ஒரு பவுணுக்கோ இரண்டு பவுணுக்கோ எடுக்கலாம்.

ஒரே தொழிற்சாலையில், ஒரே அச்சில் வார்க்கப்பட்டு, ஒரே கிழமையில் வெளியே வந்த இரண்டு கார்களில் ஒன்று கண்ணாடிக்குள் இருக்க மற்றது பிஸ்கற் ரின்னுக்குள் கிடக்கிறது. காரணம் ஒன்றே ஒன்று. ரின்னுக்குள் கிடப்பதோடு ஒரு பிள்ளை விளையாடியிருக்கிறது. கண்ணாடிக்குள் இருப்பதோடு எந்தப் பிள்ளையும் விளையாடவில்லை. ஆனால் கண்ணாடிக்குள் இருப்பதை வாங்குபவரைக் கேட்டுப்பாருங்கள், தன்னுடைய பிள்ளைப்பருவத்தைத் திருப்பி வாங்குவதாகத்தான் சொல்வார்.

இந்த முரணைப் பற்றித்தான் இங்கு பேச விரும்புகிறோம். வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு எமக்கெதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எம்மவரிலும் இப்போது சேகரிப்போர் இருக்கிறார்கள் என்பது ஒரு பதில். அதைவிட முக்கியமானது, எமது புலம்பெயர் சஞ்சிகைகளில் வரும் ஊர் நினைவுக் கட்டுரைகளிலும் இதே தரப்படுத்தல் இரகசியமாக நடைபெறுகிறது என்ற எமது சந்தேகம். பல்கலைக்கழகத்தை இடைநடுவில் விட்டுவிட்டு வந்து, ரெஸ்ரோரண்டின் பின்கட்டில் கோப்பை கழுவி, நள்ளிரவு பஸ்ஸில் இந்தச் சஞ்சிகைகளை வாசிப்பவர்கள் நாம். வாசகர் என்ற அளவில் இதைச் சொல்லும் உரிமை எமக்குண்டு.

முதலில் கார்களின் கதை. 1947இல் லெஸ்லி ஸ்மித், றொட்னி ஸ்மித் என்ற இரண்டு நண்பர்கள் லண்டனில் லெஸ்னி என்ற வார்ப்புக் கம்பனியைத் தொடங்கினார்கள். பெயர் ஒன்றே தவிர உறவினரல்லர். அவர்களுடன் வந்து சேர்ந்தவர் ஜக் ஓடெல். ஓடெலின் மகள் படித்த பள்ளிக்கூடத்தில், நெருப்புப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுச் சாமானை மட்டுமே பிள்ளைகள் கொண்டுவரலாம் என்று ஒரு விதி இருந்ததாம். ஓடெல் 1952இல் பித்தளையில் சின்னஞ்சிறு றோட்டு றோலர் ஒன்றைச் செய்து, நெருப்புப்பெட்டிக்குள் வைத்து, மகளிடம் கொடுத்துவிட்டார். மற்றப் பிள்ளைகளும் அதைக் கேட்டார்கள். அடுத்த வருடம், 1953இல், இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவையொட்டிக் கம்பனி செய்த சிறிய முடிசூட்டு இரதம் பத்து இலட்சத்துக்கு மேல் விற்றுப்போனது. அந்த வருடமே மட்ச்பொக்ஸ் என்ற பெயரில் கார்கள் வரத் தொடங்கின. எமது பேச்சில் சொல்வதானால் நெருப்புப்பெட்டிக் கார்.

பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவதற்கென்றே பிறந்த சாமான் இது. பிள்ளையின் காற்சட்டைப் பைக்குள் மாபிளோடும் சில்லறைக் காசோடும் உரசுவதுதான் அதன் விதி. பெயின்ற் உரியாமல் இருந்தால் அந்தக் கார் தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

லெஸ்னிக்கு முன்னரே, 1934இலிருந்து, லிவர்பூலில் பிராங் ஹோர்ன்பியின் மெக்கானோ கம்பனி டிங்கி ரோய்ஸ் என்ற பெயரில் இத்தகைய கார்களைச் செய்துவந்தது. 1956இல் கோர்கி வந்தது. கோர்கியைச் செய்த மெற்ரோய் கம்பனியின் கதையை எம் போன்றோர் கட்டாயம் அறிந்திருக்கவேண்டும். அதைத் தொடங்கிய பிலிப் உல்மன் ஒரு யேர்மன் யூதர். நியூரம்பேர்க்கில் விளையாட்டுச் சாமான் கம்பனி நடத்தியவர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் இங்கிலாந்துக்கு வந்து, நோர்தம்ரனில் மெற்ரோயைத் தொடங்கினார். நியூரம்பேர்க்கில் அவரிடம் வேலை செய்த ஆர்தர் கற்ஸ் பின்னர் வந்து சேர்ந்துகொண்டார். பிரித்தானியப் பிள்ளைப்பருவத்தின் சின்னம் என்று இன்று பலர் உருகும் கோர்கிக் காரின் வேர் ஓர் அகதியின் பட்டறையில் இருக்கிறது. 1965இல் வந்த ஜேம்ஸ் பொண்டின் அஸ்ரன் மார்ட்டின் காரை அறியாதவர் குறைவு. ஒரு பொத்தானை அமத்தினால் கூரை திறக்கும், கதிரையிலிருக்கும் சின்ன மனிதன் வெளியே தூக்கி எறியப்படுவான். பிள்ளைகள் விளையாடிய கார்களில் முதலிற் தொலைந்துபோனவன் அவன்தான். இன்று சேகரிப்போருக்காக அவனைத் தனியே புதிதாக வார்த்து விற்கிறார்கள். (தூக்கி எறியப்பட்டவனுக்குப் பிற்காலத்தில் இப்படியொரு கிராக்கி வருமென்று எமக்கு யாரும் சொல்லவில்லை.)

மூன்று கம்பனிகளும் நான்கு வருடங்களுக்குள் விழுந்தன. டிங்கியின் லிவர்பூல் தொழிற்சாலை 1979 நவம்பரில் மூடப்பட்டது. லெஸ்னி 1982 ஜூனிலும் மெற்ரோய் 1983இலும் கடன்காரர் கைக்குப் போயின. 1968இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஹொட் வீல்ஸ் கார்களின் போட்டி, பொருளாதார மந்தம், பிள்ளைகள் இலத்திரனியல் விளையாட்டுகளுக்கு மாறியமை எனக் காரணங்கள் பல. லெஸ்னியை ஹொங்கொங் கம்பனியொன்று வாங்கியது. உற்பத்தி மக்காவுக்குப் போனது. கிழக்கு லண்டனில் ஹக்னியில் இருந்த அதன் பெரிய தொழிற்சாலையில், அசெம்பிளி வரிசைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கார்களின் சில்லுகள் எந்த வருடம் உலோகத்திலிருந்து சாம்பல்நிறப் பிளாஸ்ரிக்குக்கும் பிறகு கறுப்புப் பிளாஸ்ரிக்குக்கும் மாறின என்பதைப் பக்கம் பக்கமாகச் சொல்லும் கையேடுகள், அந்தச் சில்லுகளைப் பூட்டிய கைகளைப் பற்றிப் பெரும்பாலும் மௌனம் சாதிக்கின்றன.

ஓடெலின் பிற்காலம்தான் எமது விவாதத்துக்கு மிகவும் உதவுகிறது. லெஸ்னி விழுந்தபின் அவர் தனது பெயரைத் திருப்பிப்போட்டு லெடோ என்றொரு கம்பனியைத் தொடங்கினார். 1983இலிருந்து அது வெளியிட்ட வரிசையின் பெயர் 'டேய்ஸ் கோன்'. கழிந்துபோன நாட்கள். பழைய காலத்து வான்கள், பஸ்கள், அவற்றின் பக்கங்களிற் பழைய விளம்பரங்கள். முப்பது வருடத்துக்கு முன் தன் மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவதற்காக றோலர் செய்த அதே கைகள், இப்போது வளர்ந்தவர்கள் தட்டில் அடுக்கிவைப்பதற்கென வான் செய்தன. ஓடெலைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பழைய வாகனங்களில் அவருக்கு உண்மையாகவே பிரியம் இருந்தது. 1956இலேயே அத்தகைய வரிசை ஒன்றை லெஸ்னி வெளியிட்டது. ஆனால் இந்த இரண்டு வகைச் சாமானுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். முதலாவது, விளையாட்டு முடிந்து வருடங்கள் கழிந்தபின் ஞாபகமாக மாறியது. இரண்டாவது, ஞாபகமாகவே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அதற்குப் பின்னால் எந்தப் பிள்ளையும் இல்லை.

ஹொட் வீல்ஸ் சேகரிப்போர் எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பது, 1969இன் வொல்க்ஸ்வாகன் 'பீச் பொம்' வானின் முதல் மாதிரிகளை. அலைச்சறுக்குப் பலகைகள் பின் ஜன்னலால் நீட்டிக்கொண்டிருக்கும் மாதிரிகள் அவை. மேற்பாரம் கூடி, அகலம் குறைந்து, விளையாட்டுப் பாதையில் ஒழுங்காக ஓடமாட்டாமற் போனதால் கடைக்கு வராமல் விடப்பட்டவை. பிறகு பலகைகளைப் பக்கத்துக்கு மாற்றி, வானை அகலமாக்கி விற்றார்கள். ஓடாதது கோடீசுவரர் கைக்கும், ஓடியது பிஸ்கற் ரின்னுக்கும் போயிற்று.

விளையாட்டுச் சாமான் பற்றிப் பேசும்போது ரோலன் பார்த்தை விட்டுவிட முடியாது. 1957இல் வெளிவந்த 'மித்தொலொஜி' நூலிலுள்ள சிறு கட்டுரையொன்றில் அவர் பிரெஞ்சு விளையாட்டுச் சாமான்களைச் சாடினார். எல்லாமே வளர்ந்தோர் உலகத்தின் சிறிய நகல்கள். இவை பிள்ளையைப் பாவனையாளனாகப் பழக்குகின்றனவேயன்றி ஆக்குபவனாகப் பழக்கவில்லை என்பது அவரது வாதம். வோல்ரர் பென்யமின் இதற்கு முன்பே, 1928இல், வேறொன்றைக் கண்டிருந்தார். கட்டட வேலை, தையல், தோட்டம் எனப் பெரியவர்கள் வேலை செய்யும் இடங்களில் மிஞ்சும் கழிவுகளைத்தான் பிள்ளைகள் தேடிப்போகிறார்கள், அவற்றைக்கொண்டு தமக்கென ஓர் உலகத்தைச் செய்துகொள்கிறார்கள் என்று எழுதினார். பென்யமின் தானே சேகரிப்பாளர். மொஸ்கோவில் குளிருக்குள் அலைந்து விளையாட்டுச் சாமான்கள் வாங்கியவர். நாஜிகளிடமிருந்து தப்பியோடி 1940இல் ஸ்பானிய எல்லையில், போர்ட்பூவில், உயிரை விட்டவர். சேகரிப்பவனைப் பரிகசிக்காமல், அவனது ஆசையை உள்ளிருந்து விளங்கிக்கொண்டு எழுதியவர்களில் அவர் முக்கியமானவர். எமது சாய்வும் அவர் பக்கமே. பார்த் கடைச்சாமானைப் பார்த்தார், பென்யமின் பிள்ளையின் கையைப் பார்த்தார்.

இனி எமது வீடுகளுக்கு வருவோம். யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்க வீடுகளில் 'மின்ற் அன்ட் பொக்ஸ்ட்' என்ற கருத்து வெள்ளைக்காரரின் சந்தைகளுக்குப் போகாமலேயே நன்கு விளங்கியிருந்தது. அதன் பெயர் சோக்கேஸ். ஹோலில், வருபவர் கண்ணில் படும் சுவரோரமாக, கண்ணாடிக் கதவுடன் நிற்கும். உள்ளே தேநீர்க் கோப்பைகள், கண் மூடித் திறக்கும் பொம்மைப்பிள்ளை, பரிசுக் கிண்ணம், அவற்றோடு வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ அனுப்பிய கார். 1970க்கும் 77க்கும் இடையில் இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த காலத்தில் இப்படியொரு கார் அரிதிலும் அரிது. 77க்குப் பின் வந்த திறந்த பொருளாதாரத்தில் கடைகளுக்கு வந்தது. 83க்குப் பின் வெளிநாடு போன பிள்ளைகளின் பார்சல்களில் வந்தது. சோக்கேஸின் திறப்பு அம்மாவின் சேலைத் தலைப்பிலோ சாமியறையிலோ இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளையே அந்தக் காரைத் தொட்டது வருடத்தில் இரண்டு மூன்று தடவைதான், தூசு தட்டும்போது.

1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் நிலைமை இன்னும் விசித்திரமானது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். பற்றரியில் ஓடும் கார் வைத்திருந்தவரும் அதை ஓட்ட வழியில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட நாட்களில், விளையாட்டுக் காருக்கு யார் மின்சாரம் கொடுப்பது? எனவே சோக்கேஸிலேயே இருந்தது. எமது வயதினர், அதாவது தொண்ணூறுகளில் பிள்ளைகளாக இருந்தவர்கள், கார் என்றதும் ஞாபகம் கொள்வது கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஒன்றைத்தான். எமது கை ஞாபகம் கொள்வது வேறொன்றை. அதற்குப் பிறகு வருகிறோம்.

சோக்கேஸ் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. அதை ஹோலுக்குள் நின்று பார்த்த பிள்ளைகளும் இருந்தார்கள், ஹோலுக்குள் வர அனுமதிக்கப்படாத பிள்ளைகளும் இருந்தார்கள். அடிவளவில் தேங்காய் பிடுங்க வந்த தகப்பனோடு வந்த பிள்ளைக்கு முற்றத்தோடு எல்லை. சிரட்டையிலோ தனியாக வைத்த பேணியிலோ தண்ணீர். அந்தப் பிள்ளைக்கு ஜன்னற் கம்பியால் அந்தக் கார் தெரிந்ததோ இல்லையோ நாமறியோம். 'அந்தக் காலத்தில் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக விளையாடினோம்' என்று ஒரு நினைவுக் கட்டுரை தொடங்கும்போது எமக்கு அந்த முற்றம் கண்ணில் வந்து நிற்கிறது.

எம்முடன் வேலைசெய்யும் நண்பர் ஒருவர் சில வருடங்களாகப் பழைய பிரித்தானியக் கார்களின் மாதிரிகளைச் சேர்த்துவருகிறார். எல்லாம் அல்ல, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிஜ், ஒஸ்ரின் ஏ 40 சொமர்செற் மட்டும். அவரின் அப்பு ஏ 40 ஒன்றை வாடகைக்கு ஓட்டியவர். உண்மையான சொமர்செற் 1952இலிருந்து 54 வரை மட்டுமே செய்யப்பட்டது. ஆனால் யாழ்ப்பாணத்தில் அது அடுத்த அறுபது வருடங்களுக்கு ஓடியது. நண்பர் பல மாதம் காசு சேர்த்து, டிங்கி ஐம்பதுகளில் செய்த சொமர்செற் ஒன்றைப் பெட்டியோடு வாங்கினார். எமக்குக் காட்டும்போது கையில் துணி வைத்துத்தான் எடுத்தார். "அண்ணை, இது எங்கட அப்புவின்ர கார்" என்றார்.

சென்ற வருடம் அவருடைய ஏழு வயது மகன் அதைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டான். திரும்பி வந்தபோது பொனற்றில் ஒரு கீறலும் கூரை ஓரத்திற் பெயின்ற் உரிவும். நண்பர் அன்று வேலைக்கு வந்து ஒருவரோடும் கதைக்கவில்லை. இரவு குப்பை கட்டும்போதுதான் சொன்னார், "அது இப்ப ப்ளே வோர்ன் அண்ணை. பாதி விலைக்கும் போகாது."

அவரின் கவலையை நாம் இலேசாக எடுக்கவில்லை. அந்தக் காசு எத்தனை மணித்தியாலக் கோப்பை என்று எமக்குத் தெரியும். ஆயினும் அப்புவின் காரைப் பற்றி அவரே எமக்குப் பல தடவைகள் சொல்லியிருக்கிறார். பெற்றோல் இல்லாத காலத்தில் அது மண்ணெண்ணெயில் ஓடியது. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகையும் தலையிடிக்கும் மணமும். பின்கதவு பூட்டாது, கயிற்றாற் கட்டியிருந்தது. சீற் கிழிந்து சாக்குப் போட்டிருந்தது. அந்தச் சீற்றிற் பிள்ளை பெறப்போன பெண்களும் ஷெல் பட்டவர்களும் ஆசுபத்திரிக்குப் போனார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எண்ணெய் முடிந்த காரை றோட்டோரம் விட்டுவிட்டு அப்புவும் நடந்தார். ஆக, அந்தக் காரைப்போல விளையாடித் தேய்ந்த, அடிபட்டு நெளிந்த கார் உலகத்தில் இருந்திருக்காது. துணிக்குள் எடுக்கப்படும் டிங்கி சொமர்செற்றில் அதன் ஒரு கீறல்கூட இல்லை. எமது கணக்கில், மகன் கீறிக்கொண்டு வந்த அன்றைக்குத்தான் அது அப்புவின் காருக்கு ஓரளவு கிட்டவந்தது. இதை நண்பரிடமும் சொன்னோம். சிரித்தார், ஏற்றுக்கொள்ளவில்லை.

இப்போது எமது எழுத்துக்கு வரலாம். நொஸ்ரல்ஜியா என்ற சொல்லை உண்டாக்கியவர் யொகானஸ் ஹோபர் என்ற மருத்துவ மாணவர், 1688இல், சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில். வீட்டை நினைத்து உருகும் நோய்க்கு அவர் வைத்த பெயர் அது. பிற நாட்டு மன்னர்களுக்குக் கூலிக்குப் போர் செய்யப்போன சுவிஸ் வீரரின் நோயாகப் பிறகு அது பெயரெடுத்தது. அதே பாசலில் இன்று எம்மவர் ரெஸ்ரோரண்ட் சமையலறைகளில் நிற்கிறார்கள் என்பது தற்செயல்தான். தமிழில் எஸ்.பொ. இதற்கு 'நனவிடை தோய்தல்' என்றொரு சொல்லைத் தந்தார். 1992இல் அந்தப் பெயரிலேயே அவரது நினைவு நூல் வந்தது. தோய்தல் என்பது நல்ல சொல். தோய்பவன் நனையவேண்டும், உடுப்பில் ஊத்தை இருந்தால் அது தண்ணீரிற் தெரியவேண்டும். எமது நினைவுக் கட்டுரைகளிற் பெரும்பாலானவை தோய்வதில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கின்றன.

பூவரசு வேலி, புழுதி ஒழுங்கை, ஒடியற்கூழ், திருவிழாவின் ஐஸ்பழம், மழைக்குப் பின் மண்வாசனை. ஒவ்வொன்றும் பெட்டியோடு, நிறம் குலையாமல். ஐஸ்பழம் வாங்கக் காசில்லாமல் நின்றவர் யார், கூழுக்கு மீன் கொண்டுவந்தவரை எங்கே நிறுத்தினார்கள், ஒழுங்கையால் இரவிற் கொண்டுபோகப்பட்டவர்களை யார் கொண்டுபோனார்கள் என்பதெல்லாம் கீறல்கள். அவை விலையைக் குறைத்துவிடும் என்று எழுதுபவர் அஞ்சுகிறார். இதற்குச் சோக்கேஸ் இலக்கியம் என்று பெயர் வைத்தால் கோபிக்கமாட்டீர்கள் என நினைக்கிறோம். இன்னொரு விபத்தும் உண்டு. போருக்கு முந்திய டிங்கிக் கார்களில் ஒரு நோய் இருக்கிறது. வார்ப்புக்கான நாகக் கலவையில் ஈயமும் கலந்துவிட்டால், வருடங்கள் போக உலோகம் தானாகவே வெடித்துப் பொரிந்து உதிரும். பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தாலும் உதிரும். வெளியில் எவ்வளவு பளபளப்பாக வைத்திருந்தாலும், ஊர் என்ற வார்ப்பிற் கலந்திருந்ததை எழுதாமல் விட்ட கட்டுரைகளுக்கும் இதே கதிதான். தொண்ணூறுகளிற் சிலாகிக்கப்பட்ட சில நினைவுக் கட்டுரைகளை இப்போது எடுத்து வாசித்தால் கையோடு உதிர்கின்றன.

இதனால் சேகரிப்பதே வீண் என்றாகாது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்களுக்கு ஒரு பொருள் வேண்டும் என்ற ஏக்கத்தைக் கேலி செய்பவர்கள், இரண்டு தரமாவது வீட்டை விட்டு ஓடிப்பார்த்திருக்க மாட்டார்கள். எரிந்துபோன நூலகத்தின் பிள்ளைகள் நாம். 1981இற் போன தொண்ணூற்றேழாயிரம் நூல்களையும் ஏடுகளையும் நினைத்து வளர்ந்தவர்களுக்குச் சேகரிப்பின் அவசியத்தைப் பிறர் சொல்லத் தேவையில்லை. 2005இற் தொடங்கிய நூலகம் இணையத் தொகுப்பைப் பாருங்கள். நோர்வேயின் 'சுவடுகள்', சுவிஸின் 'மனிதம்', பாரிஸின் 'எக்ஸில்', 'உயிர்நிழல்' போன்ற சஞ்சிகைகளை அங்கு வாசிக்கும்போது எமக்குப் பிடித்திருப்பது, பக்கங்களின் அழுக்கும் சேர்ந்து வந்திருப்பதுதான். மடிப்பு, கறை, யாரோ பேனையால் இட்ட கோடு. ஏலக்கடைக்காரனைக் கேட்டால் எல்லாம் 'ப்ளே வோர்ன்' என்று ஒதுக்கியிருப்பான். எமக்கோ அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் யாரோ வாசித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

தரம் பார்க்க முடியாத சேகரங்களும் உண்டு. 2009 மேக்குப் பிறகு முள்ளிவாய்க்கால் மணலில் சனங்கள் விட்டுப்போன உடுப்புகளும் சைக்கிள்களும் பைகளும் பிள்ளைகளின் சாமான்களும் வருடக்கணக்காகக் கிடந்ததைப் படங்களிற் பார்த்திருக்கிறோம். அவற்றுக்கு யாரும் பட்டியல் போடவில்லை.

அச்சுகளைப் பற்றிய ஒரு தகவலோடு எமது கைக் காருக்கு வருவோம். டிங்கி கைவிட்ட பழைய அச்சுகள் சில அறுபதுகளின் இறுதியிற் கல்கத்தாவுக்குப் போயின. அங்கே டிங்கி என்ற பெயரை மாற்றி நிக்கி என்று பொறித்து, அதே கார்களை வார்த்தார்கள். பெயின்ற் தடிப்பு, முடிப்பும் அவ்வளவு நேர்த்தியில்லை. சேகரிப்போர் இவற்றை முன்பு இளப்பமாகப் பார்த்தார்கள், இப்போது தேடுகிறார்கள். மட்ச்பொக்ஸின் அச்சுகளும் எண்பதுகளிற் பல்கேரியா வரை போயின. அச்சு நாடுமாறினால் வார்ப்பும் மாறுகிறது. அந்தந்த ஊரின் கை அதிற் தெரிகிறது. அதைக் குறையாகக் கொள்வது சந்தையின் பார்வை.

எமது கையிலிருந்த கார் எந்த அச்சிலும் வார்க்கப்படவில்லை. பழைய றப்பர் செருப்பிற் சில்லு வெட்டி, குடைக்கம்பியைக் கோர்த்து, மீன் ரின்னுக்குக் கீழே பூட்டியது ஒரு வகை. நெருப்புப்பெட்டிக்குச் சோடா மூடிகளைச் சில்லாக வைத்தது இன்னொரு வகை. மட்ச்பொக்ஸ் என்ற பெயருக்கு நியாயமான உரிமையாளர் நாம்தான் என்று விளையாட்டாகச் சொல்வதுண்டு. ஓடெலைப்போல நாமும் றோலர் செய்தோம், ஆனால் பித்தளையில் அல்ல. பால்மா ரின்னின் அடியிலும் மூடியிலும் நடுவாக ஆணியாற் துளை போடவேண்டும். கல்லால்தான் அடிப்போம், அதனால் ஆணி சரியும், விரலிற் படும். ரின்னுக்குள் மண்ணை நிரப்பி இறுக்கி, துளையால் கட்டுக்கம்பியைக் கோர்த்து, இரண்டு முனையையும் முன்னுக்கு வளைத்துக் கயிறு கட்டினால் றோலர். ஈரமண் போட்டால் பாரம் கூடும், ஒழுங்கை மண்ணில் தடம் அழகாக விழும். ஆனால் ரின் கெதியிற் துருப்பிடிக்கும். மூடி வெட்டிய விளிம்பால் உள்ளங்கை கிழிந்தவர்கள் எம்மிற் பலர்.

ஊரைப் பற்றி எழுதும் நண்பர்களிடம் இதையே கேட்கிறோம். ஆணி எங்கிருந்து வந்தது, யாருடைய வீட்டுக் கூரையிலிருந்து கழற்றியது? கம்பியை வளைத்துத் தந்தது யார், அவர் இப்போது எங்கே? அடிவளவிற் தகப்பனோடு வந்த பிள்ளை றோலரை இழுக்க விடப்பட்டதா, அல்லது பின்னால் ஓடிவர மட்டும்தானா? ரின் அங்கரா நெஸ்பிறேயா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.